நிமிர்ந்து நின்று வணங்க: அய்யா வழியில் அடியெடுத்து வைப்போருக்கு முழுமையான வழிகாட்டி

மன அமைதி தேடித் தியான வகுப்புகளுக்கும் யோகப் பயிற்சிகளுக்கும் போய்வரும் இளைஞர்கள் பலர் என்னிடம் ஒரே குறையைச் சொல்கிறார்கள். கற்றுக்கொடுத்ததெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் எங்கள் பாட்டன் பாட்டி இல்லை, எங்கள் ஊர் இல்லை, தலைமுறை தலைமுறையாக நாங்கள் பட்ட அவமானத்துக்கு ஒரு பதிலும் இல்லை என்கிறார்கள். நியாயமான குறை. கண்ணை மூடி உட்கார்ந்தால் உள்ளே முதலில் வந்து நிற்பது அந்த அவமானம்தானே!

இந்தக் குறையோடு தேடுகிறவர்களுக்குக் குமரி மாவட்டத்தில் ஒரு பாதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தென்திருவிதாங்கூரின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே அய்யா வைகுண்டர் போட்ட பாதை அது. முன்னோரின் கதை, சொந்த உடல், ஊரின் விடுதலை ஆகிய மூன்றையும் பிரிக்காமல் ஒரே வழிபாடாகக் கட்டினார் அவர். அய்யாவழி என்று பெயர். பிறப்பால் அய்யாவழிக் குடும்பத்தைச் சேராதவர்களும், சேர்ந்திருந்தும் திருவிழா நாளில் மட்டும் அய்யாவழிக் கோயிலான பதிக்குப் போய்வருகிறவர்களும் எங்கிருந்து தொடங்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். பலரும் கடைசிப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழ்ப்படிகளை விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்: அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அய்யா வைகுண்டர் 1809இல், இன்று சாமித்தோப்பு எனப்படும் ஊரில் பிறந்தார். தந்தை பொன்னு நாடார், தாய் வெயிலாள். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்த வகுப்பில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று ஆதிக்கச் சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாறியது.

அன்றைய தென்திருவிதாங்கூரில் நாடார்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட பிற சாதியாரும் தங்கள் உடலைத் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. குடை, செருப்பு, பொன்நகை எதுவும் ஆகாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் குறித்த தூரம் விலகி நிற்க வேண்டும். இவற்றோடு தலைவரி, பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் உழைக்கும் ஊழியம் வேறு.

பெண்களின் தோள்சீலைப் போராட்டம் 1822இல் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசு அறிவிப்பு 1859இல்தான் வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வைகுண்டர் 1851லேயே மறைந்துவிட்டார். அந்த அறிவிப்பைக்கூட அவர் பார்க்கவில்லை.

தலை, தோள், இடுப்பு, முழங்கால் என்று அடிமைத்தனம் அங்கம் அங்கமாகச் சுமத்தப்பட்டிருந்தது. அதனால்தான் அய்யா விடுதலையையும் உடலில் தொடங்கினார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

1833 மாசியில், நோயுற்றிருந்த மகனைத் தாய் வெயிலாள் திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். கடலுக்குள் போன முத்துக்குட்டி மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அய்யாவழியினரின் நம்பிக்கை. மாசி 20ஆம் நாளை அவதார தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஊர் திரும்பி ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு தரைமட்டத்தில், கடைசி இரண்டு உயர்ந்த பீடத்தில். இதற்கு ஆழ்ந்த ஆன்மிக விளக்கங்கள் உண்டு. என் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறு. குனிந்தே வாழப் பழக்கப்பட்ட மக்களின் கண்முன்னால், அவர்களில் ஒருவரின் உடல் குழியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து மேடைக்கும் எழுந்து வந்தது. அதைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் திரண்டதில் வியப்பில்லை. திருவனந்தபுரத்து அரசு கவலைப்பட்டதிலும் வியப்பில்லை.

படி 1: உங்கள் வீட்டு முன்னோரைக் கேட்டு எழுதுங்கள்

அய்யாவழியின் புனித நூல் அகிலத்திரட்டு அம்மானை. அய்யாவின் சீடர் அரிகோபாலன் 1841இல் ஏட்டில் எழுதியது. 15,000 அடிகளுக்கு மேல் ஓடும் அந்த நூலில் சான்றோர் என்ற மக்களின் பிறப்புக் கதை பெரிய இடத்தைப் பிடிக்கிறது. ஏழு கன்னியர் பெற்ற பிள்ளைகளின் வழிவந்தவர்கள் என்று அது அவர்களுக்கு ஒரு தெய்வீகத் தலைமுறையைத் தருகிறது. வரிக் கணக்கிலும் ஊழியக் கணக்கிலும் மட்டுமே பெயர் இருந்த மக்களுக்கு, நீ இன்னார் பிள்ளை என்று ஒருவர் எடுத்துச் சொன்னது எவ்வளவு பெரிய மருந்தாக இருந்திருக்கும்!

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டில் மூத்தவர்கள் முன்னால் உட்காருங்கள். பொதுவாக “பழைய கதை சொல்லுங்கள்” என்றால் வராது. குறிப்பாகக் கேளுங்கள். எந்தத் தெரு வழியாக நாம் நடக்கக் கூடாதிருந்தது? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை? யாரைக் கண்டால் தாத்தா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்? பனையேறியவர் என்றால் மார்பிலும் பாதத்திலும் காய்ப்பு எப்படி இருந்தது? பாட்டி கருப்பட்டி காய்ச்சும்போது என்ன பாடினாள்? குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தது யார், எங்கே? சாவு வீட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை?

பதில்களில் வலி இருக்கும். சில பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். விட்டுவிட்டு வேறொரு நாள் கேளுங்கள். பேசாமல் கை மட்டும் நடுங்கினால் அதையும் எழுதி வையுங்கள்.

குமரி மாவட்டத்துக் குடும்பங்களில் இன்னொன்றும் தெரியவரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய லண்டன் மிஷன் பணியால் ஒரு கிளை கிறித்தவத்துக்குப் போயிருக்கும், இன்னொரு கிளை அய்யாவழியில் நின்றிருக்கும். இரு கிளையும் ஒரே அவமானத்திலிருந்து தப்ப எடுத்த இரு வழிகள். இரு பக்கத்து முன்னோரையும் எழுதுங்கள்.

உங்கள் முன்னோர் வரி வாங்கிய பக்கம் நின்றவர்களாக, மற்றவரை விலகி நிற்கச் சொன்னவர்களாக இருந்தால்? அதையும் எழுதுங்கள். அந்த வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி: நம் வயலில் யார் உழைத்தார்கள், அவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், எதில் சாப்பிட்டார்கள்? முன்னோர் மரபு என்றால் பெருமைப்படும் பகுதி மட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை. தலைமுறை தேடப் போகிறவர்கள் அரச வம்சத்தில் போய் முடிவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அகிலத்திரட்டிலும் ஆண்ட பரம்பரைப் பேச்சு உண்டு. மிதிபட்டுக் கிடந்தவனை எழுப்ப அந்நாளில் அது தேவைப்பட்டது. இன்று அதே பேச்சு பக்கத்துத் தெருக்காரனைத் தாழ்த்தப் பயன்படுகிறது. கருப்பட்டி காய்ச்சிய பாட்டி போதும் நமக்கு.

படி 2: உடலைப் பழக்குங்கள்

அய்யா மக்களைக் கூட்டி உபதேசம் மட்டும் செய்துவிட்டு அனுப்பவில்லை. சுமார் 700 குடும்பங்களை வாகைப்பதிக் கடற்கரைக்கு வரவழைத்துச் சேர்ந்து வாழச் செய்தார். பிறகு முட்டப்பதியிலும் அது தொடர்ந்தது. துவையல் தவசு என்பார்கள். நாள்தோறும் கடலில் குளிப்பது, உடுத்த துணியைத் தாமே துவைப்பது, பச்சரிசியும் சிறுபயறும் வேகவைத்த எளிய உணவை எல்லாரும் ஒன்றாக உண்பது, கூடி வணங்குவது. அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், தங்கள் உடல் சுத்தமானது என்பதைத் தங்கள் கையாலேயே தங்களுக்கு நிறுவிக்கொண்ட பயிற்சி இது.

இன்று தொடங்குகிறவர்கள் வீட்டிலேயே இதைச் சிறிய அளவில் செய்யலாம்.

காலையில் எழுந்து குளித்து, அன்று உடுத்தப்போகும் ஒரு துணியையாவது உங்கள் கையால் துவைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெண்கள் துவைத்துக் கொடுத்ததை உடுத்திக்கொண்டு ஆண் மட்டும் தவம் செய்வது துவையல் தவசுக்கு நேர் எதிரானது. குளித்தபின் நெற்றியில் நாமம் சாத்துங்கள். அய்யாவழி நாமம் வெண்மண்ணால் இடுவது. புருவங்களின் நடுவில் தொடங்கி மேல்நோக்கி எழும் சுடர் வடிவம்.

ஆண்கள் சட்டையில்லாமல் வேட்டியோடு தலைப்பாகை கட்டிக்கொள்ள வேண்டும். தனித் துணி வேண்டாம், ஒரு துண்டு போதும். தலைப்பாகை கட்டக் கூடாது என்று சட்டம்போல நடந்த நாட்டில், தலைப்பாகை இல்லாமல் கடவுள் முன் வராதே என்று ஒருவர் சொன்னார் என்பதை அதைக் கட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கோயில்களில் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு போகப் பழகிய நமக்கு முதல்முறை கை கூசும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், அந்தக் கூச்சம் எங்கே பிறந்தது என்று யோசித்துப் பார்க்கச் சொல்வார். யோசிக்க வேண்டியதுதான். அது நம் தாத்தாவின் கூச்சம்.

பிறகு நேராக நில்லுங்கள். முதுகு வளையாமல், தோள் சுருங்காமல், பார்வை தாழாமல். நிற்க முடியாதவர்கள் உட்காருங்கள். அய்யாவும் உட்கார்ந்தே நெடுங்காலம் தவமிருந்தார். உங்கள் உடல் எங்கே தானாகக் குனிகிறது என்று கவனியுங்கள். அலுவலகத்தில் யார் அறைக்குள் நுழையும்போது? எந்தச் சாதிப் பெயர் காதில் விழும்போது? எந்த ஊர் எல்லையைக் கடக்கும்போது? நாள்தோறும் இந்தக் கவனிப்பைச் செய்துவந்தால், முதல் படியில் எழுதிய கதைகள் உங்கள் தசையில் எங்கெங்கே தங்கியிருக்கின்றன என்று பிடிபடும்.

உணவில், தீவிரமாகக் கடைப்பிடிப்போர் புலால் உண்பதில்லை. தொடங்குவோர் பதிக்குப் போகும் நாளிலாவது அதைக் கடைப்பிடிக்கலாம்.

இறந்தபின்னும் இந்த உடல் மரியாதை தொடர்கிறது. அய்யாவழி மரபில் இறந்தவரை எரிப்பதில்லை. நாமமிட்டு, வடக்கு நோக்கிப் பத்மாசனத்தில் அமர்த்தி அடக்கம் செய்வார்கள்.

படி 3: கண்ணாடி முன் நில்லுங்கள்

நிழல் தாங்கல் என்பவை அய்யாவழியின் சிறிய வழிபாட்டு இடங்கள். அய்யாவின் காலத்திலேயே தோன்றியவை உண்டு. இன்று குமரி, நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலும் சென்னையிலும் கேரளத்தின் தென்பகுதியிலும் ஏராளமாக இருக்கின்றன. தொடக்க காலத் தாங்கல்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடங்களாகவும் இருந்தன. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

தாங்கலின் உள்ளே சிலை இருக்காது. கண்ணாடி இருக்கும். அதன் முன் விளக்குகள் எரியும். உள்ளே போய் நின்றால் தெரிவது உங்கள் முகம்தான்; நெற்றியில் நாமம், தலையில் தலைப்பாகை. கோயிலின் வெளித்தெருவிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட மக்களுக்கு அய்யா கருவறைக்குள் அவர்கள் முகத்தையே வைத்தார். கேரளத்தில் நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவியது 1927இல். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே தென்கோடியில் இந்தச் சிந்தனை வேர்விட்டிருந்தது.

முதல்முறை போகிறவர்கள் பலர் உள்ளே என்ன செய்வதென்று தெரியாமல் சட்டென்று வெளியே வந்துவிடுகிறார்கள். தேங்காய் உடைப்பதில்லை, கற்பூர ஆரத்தி இல்லை, உங்களுக்காக மந்திரம் சொல்லப் பூசாரி இல்லை. அவசரப்படாமல் நில்லுங்கள். உங்கள் முகத்தில் தாயின் நெற்றி தெரியும், பாட்டனின் காது தெரியும். எழுதி வைத்த கதைகள் நினைவுக்கு வரும். கண்ணில் நீர் வந்தால் வரட்டும்.

சிலருக்குக் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதே கடினம். நிறத்தைச் சொல்லியோ உருவத்தைச் சொல்லியோ சிறுவயதிலிருந்து கேலி செய்யப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் நாமத்தை மட்டும் பாருங்கள். சில வாரங்களில் பார்வை தானாகக் கண்ணுக்கு இறங்கும்.

படி 4: சாமித்தோப்புக்குப் போங்கள்

வீட்டிலும் பக்கத்துத் தாங்கலிலும் கொஞ்ச காலம் பழகியபின் சாமித்தோப்புக்குப் போவது நல்லது. நாகர்கோவிலிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ இறங்கிப் பேருந்தில் போகலாம்.

நேரே பதிக்குள் நுழையாதீர்கள். முதலில் முத்திரிக்கிணறு. எல்லாச் சாதியாரும் ஒன்றாகப் புழங்கட்டும் என்று அய்யா ஏற்படுத்திய கிணறு. தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு என்றிருந்த நாட்டில், ஒரே கிணற்றுத் தண்ணீரை எல்லாரும் குடித்துக் குளிப்பது எத்தனை பெரிய மீறல் என்று எண்ணிப் பாருங்கள். சட்டமாக இருந்தால் காகிதத்தில் கிடக்கும். இது ஈரமாக உடம்பில் ஒட்டியது. அந்தத் தண்ணீரில் குளித்து, நனைந்த உடலோடு பதிக்குப் போவதுதான் முறை.

பதியில் அய்யா தவமிருந்த இடமான வடக்கு வாசலையும் கருவறையான பள்ளியறையையும் வணங்குங்கள். காலை உகப்படிப்பு, நண்பகல் உச்சிப்படிப்பு என்று கூட்டாகப் படிக்கும் நேரங்கள் உண்டு. பொருள் முழுதும் விளங்காவிட்டாலும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லுங்கள். பலர் குரலோடு உங்கள் குரல் கலக்கும்போது மூச்சு தானாக ஒழுங்குக்கு வரும். தனியே உட்கார்ந்து மூச்சை எண்ணி எனக்குக் கிடைக்காதது எனக்கு அங்கே கிடைத்தது.

அன்னதர்மத்துக்குக் காத்திருந்து உண்ணுங்கள். அரிசியும் பயறும் சேர்த்துக் காய்ச்சி வழங்கும் பாலைக் கை நீட்டி வாங்குங்கள். துவையல் தவசில் உண்ட அதே உணவின் தொடர்ச்சி அது. உங்கள் ஊர்க்காரர் பக்கத்தில் உட்காராமல், முகம் தெரியாதவர் பக்கத்தில் உட்காருங்கள்.

தை, வைகாசி, ஆவணி மாதங்களில் 11 நாள் திருவிழாவும் தேரோட்டமும் நடக்கும். மாசி 20 அன்று நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் பெரும் ஊர்வலம் வரும். தொடங்குகிறவர்களுக்குக் கூட்டமில்லாத சாதாரண நாளே நல்லது. நேரமிருந்தால் முட்டப்பதி, அம்பலப்பதி, தாமரைகுளம்பதி, பூப்பதி ஆகியவற்றையும் பார்த்துவாருங்கள். சாமித்தோப்போடு சேர்த்து இவை ஐந்தும் பஞ்சப்பதிகள்.

படி 5: ஏட்டைக் காதால் கேளுங்கள்

அகிலத்திரட்டு அச்சில் வந்தது 1939இல். அதுவரை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஏட்டிலும் மக்களின் வாயிலும் காதிலும்தான் வாழ்ந்தது. இன்றும் அதை உரக்கப் படித்துக் கூட்டமாகக் கேட்பதே மரபு. சாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். வாசகர் பாட, விளக்குபவர் பொருள் சொல்ல, பாட்டிமார் இடையிடையே கேள்வி கேட்பார்கள்.

தனியாகப் படிக்க உட்கார்ந்தால் பலர் முதல் சில பக்கங்களிலேயே நின்றுவிடுவார்கள். நடை பழையது. யுகங்கள் வருகின்றன, ஒவ்வொரு யுகத்திலும் குறோணி என்னும் அசுரனின் துண்டு ஒன்று புதிய உருவெடுத்து வருகிறது. கலியுகத்தில் அது கலி. கலி எங்கோ வானத்தில் இல்லை. வரியாக, ஊழியமாக, சாதியாக, பேராசையாக மனிதருக்குள்ளும் ஆட்சிக்குள்ளும் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னரை நோக்கிக் கலிநீசன் என்று சொல்லும் துணிவு அந்த நூலுக்கு இருந்தது. கேட்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று என் வாழ்க்கையில் கலி எந்த உருவத்தில் இருக்கிறது? என்னை ஒடுக்குவதாக மட்டுமா, நான் ஒடுக்குவதாகவுமா?

அய்யாவழியின் இன்னொரு புனித நூலான அருள் நூலையும் கேளுங்கள். அதிலுள்ள படிப்புகள் சிறியவை, மனத்தில் நிற்கும்.

படி 6: யாரிடம் வழி கேட்பது?

குரு வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம். அய்யாவழியில் கடவுளுக்கும் உங்களுக்கும் நடுவே ஆள் இல்லை. பணிவிடை செய்பவர் விளக்கேற்றுவார், நாமமிட வெண்மண் தருவார், படிப்பை முன்நின்று சொல்வார். அவர் உங்கள் பாவபுண்ணியத்தைக் கணக்குப் பார்க்க வந்தவரல்லர்.

ஆனாலும் வழித்துணை தேவை. தாங்கலில் நெடுநாள் பணிவிடை செய்துவரும் ஒரு பெரியவரையோ பெரியம்மாவையோ பாருங்கள். எப்படித் தெரிந்துகொள்வது? பந்தியில் யார் பக்கத்தில் உட்காருகிறார் என்று பாருங்கள். தன் வீட்டில் பெண்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். காசு கேட்கிறாரா என்று பாருங்கள். காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்று அய்யா விலக்கியதை அகிலத்திரட்டு வலியுறுத்துகிறது. பணம் கொடுத்தால்தான் பலன் என்று சொல்பவர் எந்த உடையில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சில தாங்கல்களில் அருள் வந்து கணக்கு (குறி) சொல்பவர்கள் இருக்கிறார்கள். மனபாரத்தோடு வந்த ஏழைப் பெண்களுக்கு அங்கே பேசவும் அழவும் இடம் கிடைக்கிறது, அதை நான் மதிக்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம், சொத்து, சிகிச்சை முடிவுகளை அங்கே ஒப்படைக்காதீர்கள். அய்யா தண்ணீரும் மண்ணும் தந்து நோய் தீர்த்ததாக மரபு சொல்கிறது. ஒடுக்கப்பட்டவர் பெரும்பாலோருக்கு மருத்துவமனை எட்டாத காலம் அது. இன்று மருத்துவரையும் பாருங்கள், பதிக்கும் வாருங்கள்.

படி 7: அடுத்தவர் விடுதலைக்கு உழையுங்கள்

மக்கள் திரள்வதைக் கண்டு அஞ்சிய சுவாதித் திருநாள் அரசு 1838இல் அய்யாவைச் சிறைப்பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது. 1839 மாசியில் விடுதலையானார். உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள், மற்ற சாதிகளைக் கூட்டாதே என்று எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்றார்களாம். அவர் மறுத்துவிட்டார் என்று அய்யாவழி மரபு சொல்கிறது.

இந்த ஒரு மறுப்பைத்தான் அய்யாவழியின் உயிர் என்று நான் கருதுகிறேன். சான்றோர் என்பது ஒரு சாதியின் பெயர் என்று இன்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அய்யாவுக்குச் சிறை சீக்கிரம் முடிந்திருக்கும். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்று கற்பித்தவர், இன்று தாழ்ந்து கிடப்பவர் யார் என்று நம்மைக் கேட்காமல் விடுவாரா?

நாடார்களின் நிலை மாறிவிட்டது. வணிகத்திலும் கல்வியிலும் எழுந்து நிற்கிறார்கள். அன்று அவர்களோடு அதே கிணற்றடியில் நின்ற மற்றவர்கள் எல்லாரும் அப்படி எழுந்துவிடவில்லை. அருந்ததியரும் பறையரும் புதிரை வண்ணாரும் இன்றும் தனிச் சுடுகாட்டுக்குப் பிணம் சுமக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சாக்கடைக்குள் மனிதர் இறங்கிச் சாகிறார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவர் இதைக் கண்டும் காணாமல் போனால், அந்தத் தலைப்பாகை வெறும் துணி.

பெரிய காரியம் வேண்டாம், உங்கள் ஊரில் தொடங்குங்கள். உங்கள் தாங்கலில் இதுவரை விளக்கேற்றாத சாதியார் யார்? அவர்களை ஏற்ற அழையுங்கள். பந்தியில் பரிமாறும் கை எப்போதும் ஒரே தெருவின் கையாக இருந்தால் மாற்றுங்கள். தாங்கலில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள், அது அய்யா காலத்துப் பழக்கத்தை மீட்பதும் ஆகும். துப்புரவுப் பணியாளர்களின் கூலிப் பிரச்சினை வந்தால் அவர்களோடு போய் நில்லுங்கள். இவற்றையெல்லாம் வழிபாட்டுக்கு வெளியே உள்ள சமூக சேவை என்று எண்ணாதீர்கள். பணிவிடை இதுதான்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

மதம் மாற வேண்டுமா? வேண்டாம். யாரும் உங்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை. அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அய்யாவழியினர் இந்துக்களாகவே எண்ணப்படுகிறார்கள். தனி மதமா, இந்து மதத்தின் பிரிவா என்ற விவாதம் அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. தொடங்குகிறவர் அதற்குள் போய்ச் சிக்க வேண்டியதில்லை.

குலதெய்வத்தை விட்டுவிட வேண்டுமா? அய்யா பேய் பிசாசு அச்சத்தையும் உயிர்ப்பலியையும் விலக்கச் சொன்னார். முன்னோரை மறக்கச் சொல்லவில்லை. குலதெய்வக் கதையை முதல் படியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? ஏழு படிகளையும் ஏறி முடித்தவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. நோட்டுப் புத்தகத்துக்கே ஒரு வருடம் போகலாம். தலைப்பாகைக் கூச்சம் போக இன்னும் அதிகம் ஆகலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாமித்தோப்புக்கு முதல்முறை போகும்போது தனியாகப் போகாதீர்கள். உங்கள் வீட்டார் இதுவரை தம் வீட்டுக்குள் அழைத்திராத ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். முத்திரிக்கிணற்றில் இருவரும் குளித்து, பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்ததும் அவரை உங்கள் வீட்டுக்கும் சாப்பிட அழையுங்கள்.